மிச்சமிருந்த இரண்டு வினாடி

நேயர்களுக்கு வணக்கம். குத்துச்சண்டை பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்ம களியக்காவிளைப் பக்கத்தில் நடந்த ஒரு சங்கதியோடு தொடங்குகிறேன்.

கோயில் திருவிழா. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பாறசாலைப் பையன் ஒருவன், இந்தப் பக்கம் மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன். நோட்டீஸில் ஒரு புறம் தமிழ், மறுபுறம் மலையாளம். நான்தான் ரெஃப்ரி. கடைசி ரவுண்டில் மார்த்தாண்டத்துப் பையனுக்கு நாடியில் ஒரு குத்து. விழுந்தான், எழுந்துவிட்டான். எட்டு வரை எண்ணினேன், பத்துக்குள் எழாவிட்டால் தோல்வி. “மக்களே, என்னைப் பாரு” என்றேன். அவன் பார்வை என் தோளுக்குப் பின்னால் எரிந்த டியூப்லைட்டில் நின்றது. கையைத் தூக்கச் சொன்னேன். இடது கை வந்தது, வலது கை வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

மணியடிக்கச் சில வினாடிதான் பாக்கி. அவனுடைய சித்தப்பா கயிற்றைப் பிடித்து உலுக்கினார். “அண்ணாச்சி, பாயிண்டுல எங்க பையன்தானே முன்னால இருந்தான்!” வாஸ்தவம்தான், அவன்தான் முன்னால் இருந்தான். அடுத்த வாரமே இன்னொரு நோட்டீஸ் வந்தது, ‘பழிக்குப் பழி’ என்று கொட்டை எழுத்தில். பையனுக்குத் தலைவலி விட்டபாடில்லை, அதற்குள் டிக்கெட் விற்கிறார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இதே சண்டையைப் பெரிய அளவில் உலகமே பார்த்திருக்கிறது. 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். ஒரு பக்கம் மெக்சிகோவின் ஜூலியோ சீசர் சாவேஸ், அதுவரை தோற்காதவர். எதிரே அமெரிக்காவின் மெல்ட்ரிக் டெய்லர், 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், அவரும் தோற்காதவர். பன்னிரண்டு ரவுண்ட். பாயிண்ட் போடும் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் கணக்கில் டெய்லர் வெகுதூரம் முன்னால். கடைசி ரவுண்டில், கடைசி அரை நிமிடத்துக்குள், சாவேஸின் வலது கை இறங்கியது. டெய்லர் விழுந்தார், கயிற்றைப் பிடித்து எழுந்தார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் முகத்துக்கு நேரே நின்று, சரியாக இருக்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டார். டெய்லர் பதில் சொல்லவில்லை, தன் மூலைப் பக்கம் தலையைத் திருப்பினார். ஸ்டீல் சண்டையை நிறுத்திவிட்டார். கடிகாரத்தில் மிச்சம் இரண்டு வினாடி.

இரண்டே வினாடி! ஒரு குத்து விடக்கூட நேரமில்லையே, நிற்க விட்டிருந்தால் ஜெயித்திருப்பாரே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் ஸ்டீல் கட்சி. ரெஃப்ரி பார்க்க வேண்டியது பையன் கண்ணை, கடிகாரத்தை அல்ல. திரும்பவும் சொல்கிறேன், கண்ணை. அன்றிரவு டெய்லருக்கு முகத்தில் எலும்பு முறிந்திருந்தது, நிறைய ரத்தத்தை விழுங்கியிருந்தார். பிற்காலத்தில் பேச்சே குழறிப்போனது. பாயிண்டில் முன்னால் இருந்தவர்தான், அவ்வளவு அடியும் வாங்கியிருந்தார். நிறுத்திய ஸ்டீலுக்கு என்ன கிடைத்தது? வேகாஸ் ரிங்கில் அவர் பெயரை அறிவித்தாலே கூச்சல், அதுவும் வருஷக்கணக்கில்.

சரி, இந்தக் கூச்சலால் யாருக்கு லாபம்? சாவேஸின் சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர் டான் கிங்குக்கு. அதற்கு ஐந்து வாரம் முன்னால்தான் டோக்கியோவில் அவருடைய மைக் டைசன், பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது ரவுண்டில் நாக்அவுட் ஆனார். எட்டாவது ரவுண்டில் டக்ளஸ் விழுந்தபோது ரெஃப்ரி மெதுவாக எண்ணினார், அங்கேயே டைசன் ஜெயித்துவிட்டார் என்று டான் கிங் மல்லுக்கு நின்றார். பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் இரண்டு, டக்ளஸை உடனே சாம்பியன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஊரே திட்டிய பிறகுதான் இறங்கி வந்தன. தெளிவாக முடிந்த சண்டையையே இப்படிக் கலக்க முடியும் என்றால், சந்தேகத்தில் முடிந்ததைக் கேட்கவா வேண்டும்? மறுசண்டைக்குப் போஸ்டர் தானாக எழுதிக்கொள்ளும். சாவேஸ், டெய்லர் மறுபடி மோதியது 1994-ல். பழைய டெய்லர் அங்கே இல்லை. எட்டாவது ரவுண்டிலேயே முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. 1927-ல் சிகாகோவில் அமெரிக்க வீரர்கள் டெம்ப்சியும் டன்னியும் மோதியதைத்தான் முதலில் விரிவாகப் பேச வந்தேன். டன்னி விழுந்தார், டெம்ப்சி ஒதுங்கி மூலைக்குப் போகாமல் நின்றார், போனால்தான் எண்ணத் தொடங்கலாம், அதனால் எண்ணிக்கை தாமதமானது. டன்னிக்கு ஏறத்தாழ பதினான்கு வினாடி கிடைத்தது, எழுந்து பாயிண்டில் ஜெயித்தார். டிக்கெட் வசூல் மட்டும் 26 லட்சம் டாலருக்கு மேல். டன்னி அடுத்த வருஷம் இன்னொருவரோடு ஒரு சண்டை போட்டு, அதோடு கிளவுஸைக் கழற்றிவிட்டார். மார்த்தாண்டத்துப் பையனும் கழற்றிவிட்டான், இப்போது சந்தைப் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறான். கண்டால், “அண்ணாச்சி, சாயா குடிச்சிட்டுப் போங்க” என்பான்.

வணக்கம்.