சத்தம் குறைந்தால் தேய்மானம் குறைந்ததா?

நேயர்களுக்கு வணக்கம்.

சர்வீஸ் முடிந்து கார் கைக்கு வந்த அன்று பலரும் சொல்வது இதுதான்: "இன்ஜின் சத்தமே இல்லை, பிக்கப்பும் கூடியிருக்கு." சில வாரம் போனால் அந்தப் பேச்சே இருக்காது. வேறு சிலர் கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றிவிட்டு, "சத்தம் போயிடுச்சு, ஆனா வண்டி கொஞ்சம் மந்தமா இருக்கு" என்பார்கள். ஆயிலை மாற்றினால் ஓட்டும்போது வேறுபாடு தெரியுமா? தெரியும். அது எதனால் வருகிறது, அதை வைத்து இன்ஜினின் நலத்தைத் தீர்மானிக்கலாமா என்பதில்தான் குழப்பம். சத்தம் குறைவது வேறு, தேய்மானம் குறைவது வேறு. இதை இன்று இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆயில் டப்பாவின் மேல் இருக்கும் எண்கள். 5டபிள்யூ-30 என்று வைத்துக்கொள்வோம். டபிள்யூவோடு இருக்கும் எண் குளிருக்கானது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்ப முடியும், மைனஸ் 35-லும் பம்ப் அந்த ஆயிலை இழுக்கும் என்று சோதித்திருக்கிறார்கள். பின்னால் வரும் 30, சூடான நிலைக்கானது. 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மையின் அளவு, 9.3 சென்டிஸ்டோக்குக்குக் குறையக் கூடாது, 12.5-ஐ எட்டக் கூடாது. 20 என்றால் 6.9 முதல் 9.3 வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. அதற்கு மேல் 21.9 வரை 50.

இந்த எல்லைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு 30 ஆயில் 9.5-இல் இருக்கலாம், இன்னொரு 30 ஆயில் 12.3-இல் இருக்கலாம். டப்பாவில் எண் ஒன்றுதான், உள்ளே கிட்டத்தட்ட 30 சதவீத வேறுபாடு. அந்தக் கெட்டியான 30-க்கும் பக்கத்தில் இருக்கும் லேசான 40-க்கும் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. "அதே கிரேடு, வேறு பிராண்ட் போட்டேன், வண்டி மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். பிராண்டின் மாயம் ஒன்றும் கிடையாது, ஆனால் அவர் உணர்ந்தது உண்மையாக இருக்கலாம். தயாரிப்பாளரின் தகவல் தாளில் 40 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் தனித்தனி எண் போட்டிருப்பார்கள். விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு அந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

இன்னொரு தப்பெண்ணமும் பரவலாக உண்டு. 5டபிள்யூ-30 குளிரில் லேசாக இருக்கும், சூடானால் கெட்டியாகும் என்று. எந்த ஆயிலும் சூட்டில் கெட்டியாவதில்லை. சூடு ஏற ஏற எல்லாமே இளகும். 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் சுமார் 65 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் 10 அல்லது 11. ஆறு மடங்கு இளகுகிறது. 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் 160-ஐ ஒட்டி இருக்கும், 100-இல் 18. ஆக, இன்ஜின் ஆறியிருக்கும்போது எந்த ஆயிலானாலும் வேண்டியதைவிடக் கெட்டிதான். எது குறைந்த அளவு கெட்டி என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

காலையில் கிளப்பியவுடன் வண்டி கனமாகத் தெரிவதற்குக் காரணமும் இதுவே. பெரும்பாலோர் டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்து, நடுவுக்கு வந்ததும் இன்ஜின் சூடாகிவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். அது கூலன்ட்டின் சூடு. ஆயில் அதற்குப் பின்னால்தான் வரும், பல வண்டிகளில் இரண்டு மடங்கு நேரம்கூட எடுக்கும். முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் 60, 70 டிகிரியில் நின்றுகொண்டிருக்கலாம். அதனால் இரண்டு ஆயில்களை ஒப்பிட வேண்டும் என்றால் குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிய பிறகு ஒப்பிடுங்கள். டயர் காற்று, ஏசி, வண்டியில் ஏறியவர்களின் எண்ணிக்கை எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். சர்வீஸில் ஏர் ஃபில்டரையும் மாற்றி டயருக்கும் காற்றடித்துத்தான் அனுப்பியிருப்பார்கள். புகழ் மட்டும் ஆயிலுக்குப் போகிறது!

அப்படிச் சரியாக ஒப்பிட்டால் எவ்வளவு வேறுபாடு வரும்? இன்ஜின் சூடான பிறகு 20-க்கும் 40-க்கும் இடையே எரிபொருளில் ஒன்றிரண்டு சதவீதம். குறுகிய தூரமே ஓடும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அது ஆறிய ஆயிலோடுதான் எப்போதும் ஓடுகிறது. சூடான இன்ஜினில் பிக்கப் மாற்றத்தைக் காலால் உணர்வது கடினம். ஆறிய நிலையில் ஆர்.பி.எம். ஏறுவது, ஐடிலிங் அதிர்வு, ஸ்டார்ட் செய்தவுடன் டைமிங் செயின் பக்கம் வரும் ஓரிரு விநாடிக் கலகலப்பு ஆகியவற்றில் நன்றாகவே தெரியும். செயின் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. ஆயில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கலகலப்பு சீக்கிரம் நிற்கும்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் கோணத்தை ஓட்டத்திலேயே மாற்றும் அமைப்பு இன்றைய இன்ஜின்களில் உண்டு. அதுவும் ஆயில் அழுத்தத்தில்தான் நகர்கிறது. அதன் வால்வ் துளைகளும் சல்லடைகளும் மிகச் சிறியவை. அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில் போட்டால், ஆறிய நிலையில் அந்த நகர்வு தாமதமாகும். மிதித்ததும் வண்டி ஒரு கணம் யோசிப்பது போல இருக்கும், சில வண்டிகளில் இன்ஜின் லைட்டே எரியும். "கெட்டி ஆயில் போட்டேன், மந்தமாகிவிட்டது" என்பவர் சொல்வது கற்பனை அல்ல.

இப்போது சத்தத்துக்கு வருவோம். இதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கதை. 1883-ஆம் ஆண்டு, பிரிட்டன். பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்து சுழலும், மேலே பித்தளைப் பேரிங், அதன் மேல் சுமை. எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும், விட வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. தரை பாழாகிறதே என்று ஒரு கார்க்கை வைத்து அடைத்தார். கார்க் வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதையும் எண்ணெய் தள்ளிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு அழுத்தமானியை மாட்டினார். பேரிங் மேல் இருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு சுமார் 100 பவுண்ட். மானியின் முள் அதன் எல்லையான 200-ஐயும் தாண்டியது.

அந்த இடத்தில் பம்ப் எதுவும் இல்லை. நன்றாகக் கவனியுங்கள், பம்ப்பே இல்லை! சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, ஆப்பு அடிப்பது போல அழுத்தி, அந்தப் படலத்தின் மேல் சுமையைத் தூக்கி நிறுத்துகிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் என்ற அறிஞர் இதைக் கணிதமாக எழுதிக் கொடுத்தார். உங்கள் காரின் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் நடப்பதும் இதுதான். பம்ப் சில பார் அழுத்தத்தில் ஆயிலை வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே படலத்தில் உண்டாகும் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். அதை உண்டாக்குவது சுழற்சியும், பாகுத்தன்மையும், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பங்கு வரை இருக்கும் அந்த இடுக்கும்தான். மூன்றும் சேர்ந்துதான் கணக்கு. இடுக்கை வைத்துத்தான் எந்த எண் ஆயில் என்று கார் தயாரிப்பாளர் சொல்கிறார்.

அதனால் ஆயில் அழுத்தம் கூடினால் பாதுகாப்பு கூடியது என்று நினைக்க வேண்டாம். அழுத்தம் என்பது ஓட்டத்துக்கு வரும் எதிர்ப்பின் அளவு. கெட்டி ஆயில் ஊற்றினால் மானி உயரும், ஓட்டம் உயராது. குளிர்ந்த நேரத்தில் ஆர்.பி.எம். ஏற்றினால், அழுத்தம் மிகும்போது திறக்கும் ரிலீஃப் வால்வ் திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி விட்டுவிடும். பேரிங்கின் சூட்டை எடுத்துச் செல்வது ஓடும் ஆயில். நிற்கும் ஆயில் அதைச் செய்யாது.

சத்தம் ஏன் குறைகிறது? தேய்ந்த இன்ஜினில் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டும், வால்வைத் தள்ளும் டேப்பட் தட்டும். கெட்டியான படலம் அந்தத் தட்டலை மெத்தென்று வாங்கிக்கொள்கிறது. இடைவெளி அப்படியேதான் இருக்கிறது, அதன் ஒலி மட்டும் காதுக்கு வரவில்லை. திரும்பவும் சொல்கிறேன்: சத்தம் குறைவது வேறு, தேய்மானம் குறைவது வேறு. இன்னொன்று, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜின்களில் இன்ஜெக்டரே டிக் டிக் என்று தட்டும். அதற்கும் ஆயிலுக்கும் தொடர்பே இல்லை. அந்தச் சத்தத்துக்காக ஆயிலைக் கெட்டியாக்கியவர்கள் நிறையப் பேர்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கெட்டி ஆயிலுக்கென்று வடிவமைத்த இன்ஜினில் மைலேஜ் ஆசைக்கு 0டபிள்யூ-20 ஊற்றினால், நீண்ட ஏற்றத்தில் சுமையோடு போகும்போது படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். சூடான ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்கினால் அது எச்சரிக்கை, உடனே பாருங்கள். இதற்கென்று 150 டிகிரியில், வேகமான நசுக்கலில் அளக்கும் ஒரு பாகுத்தன்மை எண் இருக்கிறது, ஹெச்.டி.ஹெச்.எஸ். என்பார்கள். 20 கிரேடுக்கு அது குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-விநாடி, 30-க்கு 2.9. ஆனால் ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் ஏ.சி.இ.ஏ. சி3 தரம் 3.5 கேட்கிறது. 5டபிள்யூ-30 என்றே எழுதிய இரண்டு டப்பாக்களில் ஒன்று 2.9, இன்னொன்று 3.5. கையேட்டில் சி3 என்று இருந்தால் 5டபிள்யூ-30 என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. டீசல் வண்டியில் புகைக்கரி ஃபில்டர் இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும், இல்லையென்றால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அப்போது வண்டி இழுக்காது, பழி டர்போ மேல் விழும்.

சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கு இன்னொரு சேதி. குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தி மிதிக்கும்போது, பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் சிக்கல் உண்டு. பிஸ்டனையே உடைக்கும் அளவுக்குப் போகும். ஆயிலில் கழுவும் பொருளாகச் சேர்க்கும் கால்சியம் அதிகமானால் இது கூடுகிறது என்று கண்டு, பலர் ஒரு பகுதியை மக்னீசியத்துக்கு மாற்றினார்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்தில் இதற்கான சோதனை இருக்கிறது. பழைய தர ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று இந்த வண்டியில் ஊற்றாதீர்கள்.

மாலிப்டினம் போன்ற உராய்வுக் குறைப்பான் சேர்த்த ஆயில்கள் ஐடிலிங்கை மென்மையாக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கார் ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்திருக்கிறது, வழுக்கும். அதற்கு ஜப்பானியத் தரமான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்க வேண்டும்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆயில் மாற்றும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். சுழற்றி மாட்டும் ஃபில்டர் என்றால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அதன் மேல் புதியதை மாட்டினால் ஆயில் முழுதும் வெளியே கொட்டும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் சுழற்றி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. சொன்ன அளவைவிட 300 மில்லி குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். மேல்கோட்டைத் தாண்டி நிறைய ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை உள்ளே போனால் ஹைட்ராலிக் டேப்பட் தட்டும். "புது ஆயில் போட்டதிலிருந்து சத்தம்" என்று வருபவர்கள் முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, துடைத்து, இரண்டாவது முறை உருவிப் பார்க்க வேண்டும், முதல் முறை காட்டும் அளவை நம்ப வேண்டாம்.

வணக்கம்.