துணிக்கொடியில் ஒரு தொட்டில்

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை ‘பறவை ஆராய்ச்சியாளர்’ என்று அறிமுகப்படுத்தினார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஆனால் நான் ஓய்வு பெற்ற கணக்காளன். ஆராய்ந்தது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் துணிக்கொடி ஒன்றை மட்டும்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தக் கொடியில் சருகும் ஒட்டடையுமாக ஏதோ தொங்கியது. காற்றில் சேர்ந்த குப்பை என்று நினைத்து ஒட்டடைக்கம்பால் ஓர் இழுப்பு இழுத்தேன். உள்ளேயிருந்து சுண்டைக்காய் அளவில் இரண்டு முட்டைகள் விழுந்து உடைந்தன. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த வெட்கத்தில்தான் நான் குருவி பார்க்க ஆரம்பித்தேன்.

அது தேன்சிட்டுக் கூடு. நம் பக்கம் தேன்சிட்டு இரண்டு மூன்று வகை உண்டு. எங்கள் வீட்டுக்கு வருவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டம் இருக்கும் இடமெல்லாம் பார்க்கலாம். 1766இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரில் இலங்கையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை பத்து சென்டிமீட்டர்கூட இல்லை.

ஆணைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. வயிறு மஞ்சள், முதுகு அரக்குச் சிவப்பு, வாலுக்கு மேலே ஊதா, உச்சந்தலையிலும் தோளிலும் பச்சை. இந்தப் பச்சை இருக்கிறதே, நிழலில் வெறும் கறுப்பாகத் தெரியும். தலையைத் திருப்பி வெயில் பட்டதும் பளிச்சென்று எரியும். மயில்கழுத்துப் பட்டைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அது சாயத்தால் மட்டும் வந்த நிறம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் மினுக்கம். பாட்டு? சன்னமான கீச்சுதான். அந்த உடம்புக்கு அதுவே பெரிய குரல்.

ஒரு விஷயம். வாட்ஸ்அப்பில் இதன் படத்தைப் போட்டு ‘ஹம்மிங்பேர்டு’ என்று எழுதுகிறார்கள். ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. இரண்டுக்கும் நெருங்கிய உறவே இல்லை. தேன் குடிக்கும் தொழில் ஒன்று, அதனால் அலகும் ஒரே மாதிரி நீண்டுவிட்டது. நம் ஆள் பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிப்பார். செம்பருத்தி மாதிரிப் பெரிய பூ என்றால் வாசல் வழியாக வருவதில்லை; அடியில் ஓட்டை போட்டுத் திருடிவிடுவார்.

சரி, கூட்டுக்கு வருகிறேன். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதே கொடிக்குப் பெண் குருவி வந்தது. அதற்கு மினுக்கம் எதுவும் கிடையாது. மங்கிய பழுப்பு முதுகு, வெளுத்த கழுத்து. கட்டுவது முழுக்க அவள்தான். ஆண் எலுமிச்சைக் கிளையில் உட்கார்ந்து கீச்சிடும். வேறு ஆண் வந்தால் துரத்தும். யாரும் வராவிட்டால் என் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும் தன்னையே போய்க் கொத்தும். கண்ணாடிக்கு ஒரு மஞ்சப்பையைக் கட்டிவைத்தேன்.

அவள் முதலில் கொண்டுவந்தது சிலந்தி நூல். சன்னல் மூலையிலிருந்து அலகில் சுருட்டி வந்து கொடியைச் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். அதிலிருந்து நார் தொங்கியது, நாரோடு புல், புல்லோடு மறுபடி நூல். பை மாதிரி உருவம் வந்ததும் உள்ளே புகுந்து நெஞ்சால் முட்டி முட்டி வட்டமாக்கினாள். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் மழைக்கு ஒரு சிறிய தாழ்வாரம். உள்ளே பஞ்சு மெத்தை. வெளியே மட்டும் மரப்பட்டைத் துணுக்கும் சருகும் ஒட்டி, பார்த்தால் குப்பை என்று நினைக்கும்படி செய்துவிட்டாள். நான் ஏமாந்தது அவள் திறமைக்குச் சான்று என்று மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அடைகாப்பது பதினான்கு முதல் பதினாறு நாள். இந்த வகையில் ஆணும் முறை வைத்து உட்காரும். குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது. வளர்கிற உடம்புக்குப் புழு, பூச்சி, சிலந்தி வேண்டும். நூலைக் கொடுத்த சிலந்தியையே பிடித்து ஊட்டுவதில் அவளுக்குக் கூச்சமே இல்லை. குஞ்சுகள் வளர வளரப் பையும் இழுபட்டுக் கொடுத்தது. சிலந்தி நூலின் குணம் அது.

பொரித்துப் பதினேழாம் நாள் காலை ஒரு குஞ்சு பறந்துவிட்டது. இன்னொன்று வாசலில் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தாய் அலகில் பூச்சியோடு எலுமிச்சை மரத்தில் இருந்தாள். கூப்பிட்டாளே தவிர கிட்டே வரவில்லை. எனக்குக் காபி ஆறிப்போயிற்று. திடீரென்று பை ஒரு குலுக்குக் குலுங்கியது. திரும்பிப் பார்த்தால் பூச்சி அவள் அலகில் இல்லை, குஞ்சின் வாயில் இருந்தது.

அந்தக் கொடியில் நாங்கள் இப்போது துணி போடுவதில்லை. எல்லாம் மொட்டைமாடியில்தான் காய்கிறது. ஒட்டடைக்கம்பு என் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது.