703 ரூபாய்க்கு எத்தனை நோட்டு? எஸ்.எஸ். பிள்ளை பத்தி ஒரு வானொலிப் பேச்சு

வணக்கம். கையில பேப்பர் பேனா இருந்தா எடுத்து வச்சுக்கோங்க, இல்லேன்னாலும் பரவாயில்ல, மனக்கணக்கே போதும்.

ஒரு ஊர்ல ரூபாய் நோட்டு இப்படித்தான் இருக்குன்னு வைங்க. 1 ரூபா, 64 ரூபா, 729 ரூபா, அதுக்கு மேல 4096, இப்படியே முடிவில்லாம போகும். ஏன் இப்படி கோக்குமாக்கா நோட்டு அடிச்சாங்கன்னு கேக்காதீங்க, 2ஐ ஆறு தடவை எழுதி பெருக்கினா 64, 3ஐ அதே மாதிரி பெருக்கினா 729, 4ஐ பெருக்கினா 4096, இதுக்கு ஆறாம் அடுக்குன்னு பேரு, அவ்வளவுதான் விஷயம். இப்ப கடையில பில்லு 703 ரூபா வந்திருக்கு. கரெக்டா குடுக்கணும், மீதி வாங்குற பேச்சே கிடையாது. 729 நோட்டு ஆகாது, பெருசு. 64ல பதினோரு நோட்டு வச்சா 704, ஒரே ஒரு ரூபா தாண்டிடுது, வெறுப்பா இருக்கும். சரின்னு பத்து வச்சா 640, மிச்சம் 63 ரூபாவையும் ஒத்த ஒத்த ரூபாயா எண்ணித்தான் வைக்கணும். பத்தும் அறுபத்து மூணும், மொத்தம் 73 நோட்டு. கடைக்காரர் நம்மள ஒரு மாதிரி பாப்பார்.

703க்கு 73, சரி. வேற ஏதாவது பில்லுக்கு 74 ஆகுமா, 200 ஆகுமா, லட்சம் கோடின்னு எவ்வளவு பெரிய தொகை சொன்னாலும்? ஆகவே ஆகாது, 73 இருந்தா எந்த பில்லையும் கட்டிடலாம்னு 1940ல நிரூபிச்சு காட்டினார் ஒருத்தர். சிதம்பரத்துல, அண்ணாமலை பல்கலைக்கழகத்துல லெக்சரரா இருந்தவர். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, சுருக்கமா எஸ்.எஸ். பிள்ளை. நான் முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்தவன், ரிட்டயர் ஆகுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் இவர் பேரே என் காதுல விழுந்துச்சு, அத இங்க ஒத்துக்கிறதுல எனக்கு வெக்கம்தான்.

இந்த நோட்டு கணக்குக்கு வாரிங் பிரச்சனைன்னு பேரு. 1770ல எட்வர்ட் வாரிங்னு ஒரு இங்கிலீஷ்காரர், எந்த நம்பரையும் நாலு வர்க்கத்த கூட்டி எழுதிடலாம், ஒன்பது கனத்த கூட்டி எழுதிடலாம், நாலாம் அடுக்குன்னா 19 போதும், இப்படியே போகும்னு எழுதி வச்சுட்டு போயிட்டார், நிரூபணம் எதுவும் குடுக்கல. வர்க்கத்த அதே வருஷம் லக்ராஞ்ச் முடிச்சார். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு முடிவான எண்ணிக்கை நிச்சயம் இருக்குன்னு ஹில்பர்ட் 1909ல நிரூபிச்சார், ஆனா அது எத்தனைன்னு சொல்லல. உங்க பாக்கெட்ல காசு இருக்கு, எவ்வளவுன்னு தெரியாதுன்னு சொல்ற மாதிரி.

பிள்ளை பிறந்தது 1901 ஏப்ரல் 5, குத்தாலத்துக்கு பக்கத்துல வல்லம். சீசனுக்கு போற வண்டியில உக்காந்து அந்தப் பக்கம் எத்தனை தடவை போயிருப்போம். பிறந்து ஒரு வருஷத்துல அம்மா தவறிட்டாங்க, சொந்தத்துல வயசான ஒருத்தர்தான் வளர்த்தது. செங்கோட்டையில ஸ்கூல், அப்ப செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். ஸ்கூல் கடைசி வருஷத்துல அப்பாவும் போயிட்டார். அதோட படிப்பு நின்னுருக்கும், சாஸ்திரியார்னு ஒரு வாத்தியார் தன் சம்பளத்துல இருந்து பணம் குடுத்து படிக்க வச்சார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, அப்புறம் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, 1927ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சி உதவித்தொகை. அங்க வழிகாட்டி ஆனந்த ராவ், ராமானுஜன் இங்கிலாந்துல இருந்த நாள்ல கேம்பிரிட்ஜ்ல படிச்சவர், ராமானுஜன அங்க கூப்பிட்ட ஹார்டிகிட்ட கத்துக்கிட்டவர்.

1929ல அண்ணாமலை பல்கலைக்கழகம் ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் பிள்ளையும் அங்க வேலைக்கு சேர்ந்தார், 1941 வரைக்கும் சிதம்பரம்தான். இன்னைக்கு ஒரு ஆராய்ச்சி பேப்பர் வேணும்னா போன்ல தட்டினா வந்துடுது, அன்னைக்கு ஐரோப்பா பத்திரிகை கப்பல்ல வரணும். இதுக்கு நடுவுல 1936 வாக்குல ஏழாம் அடுக்குல இருந்து மேல உள்ள எல்லாத்துக்கும் சேர்த்து, ஒரு சின்ன கண்டிஷனோட, எத்தனை போதும்னு சொல்ற ஃபார்முலாவே கண்டுபிடிச்சார். ஏறக்குறைய அதே சமயத்துல சிகாகோவுல டிக்சன்ங்கிற கணக்குப் பேராசிரியரும் தனியா அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

பெரிய அடுக்கெல்லாம் முடிஞ்சுது, சின்ன அடுக்குதான் தொண்டையில மாட்டின முள்ளு. ஏன்னா இந்த மாதிரி நிரூபணம் ரெண்டு துண்டா வரும். ரொம்ப ரொம்ப பெரிய நம்பர்களுக்கு ரஷ்யாவோட வினோகிராதோவ் மாதிரி ஆளுங்க குடுத்த முறை வேலை செய்யும், ஆனா அது எங்க இருந்து ஆரம்பிக்கும்னா, அந்த நம்பர எழுதி முடிக்கவே பொறுமை வேணும், அவ்வளவு தூரத்துல. இந்தப் பக்கம் 1, 2, 3ல இருந்து கையால ஏறிட்டு வந்து அந்த இடத்த தொட்டாகணும், நடுவுல ஒரு நம்பர் விட்டுப் போகக்கூடாது. அடுக்கு சின்னதா ஆக ஆக இந்த இடைவெளி அடைக்கிறது கஷ்டமாயிட்டே போகும். பிள்ளை ஆறாம் அடுக்க கம்ப்யூட்டர் எதுவும் இல்லாம அடைச்சார். அஞ்சாம் அடுக்குக்கு 37னு சீனாவோட சென் ஜிங்ருன் 1964லதான் முடிச்சார். நாலாம் அடுக்கோட 19 முடிய 1986 ஆச்சு, முடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் நம்ம ஆர். பாலசுப்ரமணியன், பின்னாடி தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநரா இருந்தவர், மத்த ரெண்டு பேர் பிரான்ஸ்காரங்க, தெஸ்ஹூயே, த்ரெஸ். அதாவது 6 முடிஞ்சு 24 வருஷம் கழிச்சு 5, அதுக்கு 22 வருஷம் கழிச்சு 4.

அவரோட இன்னொரு கணக்கு எனக்கு இத விட பிடிக்கும். அடுத்தடுத்து வர்ற நம்பர்கள ஒரு வரிசையா எடுத்துக்கோங்க, 16 வரைக்கும் எத்தனை எடுத்தாலும் சரி, அதுல கண்டிப்பா ஒரு நம்பர் மத்த யாரோடயும் ஒட்டாம தனியா நிக்கும், அதாவது 1ஐத் தவிர பொதுவான வகுத்தி எதுவும் இருக்காது. 17 எடுத்தா? உடைஞ்சு போச்சு. 2184ல இருந்து 2200 வரைக்கும் பாருங்க. இரட்டைப்படை எல்லாம் 2ல சேர்ந்துக்குது. 2185, 2195 ரெண்டும் 5ல சொந்தம். 2187 வந்து 3ஐ ஏழு தடவை பெருக்கினது, 2193, 2199ஓட 3ல ஒட்டிக்கும். 2189 பதினொண்ணால போகும், 2200ம் போகும். 2191க்கு 7, 2197க்கு 13, இந்த ரெண்டும் 2184க்குள்ள இருக்கு. ஒத்தையா ஒருத்தரும் நிக்க முடியல! இந்த 16, 17 எல்லைய கண்டுபிடிச்சது பிள்ளைதான். பத்தாங்கிளாஸ்ல போர்டுல எழுதிப் போட்டேன் ஒரு தடவை, பீரியட் பெல் அடிச்சும் ரெண்டு பசங்க எந்திரிக்கல.

1941ல திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், ஒரு வருஷம்தான், அப்புறம் கல்கத்தா. கூப்பிட்டவர் எஃப்.டபிள்யூ. லெவி, யூதர்ங்கிற காரணத்துக்காக ஜெர்மனியில நாஜிக்கள் வேலைய பறிச்ச பேராசிரியர், அவர் கல்கத்தாவுல வந்து கணிதத் துறைய நடத்திட்டு இருந்தார்.

1950ல பிரின்ஸ்டன்ல இருந்து அழைப்பு, உயர் ஆய்வு நிறுவனத்துல ஒரு வருஷம். ஐன்ஸ்டீன் இருந்த இடம். கூடவே ஹார்வர்டுல சர்வதேச கணித மாநாடு, அதுக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டி பிரதிநிதியும் இவர்தான். மாநாடு ஆகஸ்ட் 30 தொடங்கிடுச்சு. 31ம் தேதி, பிள்ளை போன விமானம், பம்பாயில இருந்து கெய்ரோ, ரோம் வழியா நியூயார்க் போற டி.டபிள்யூ.ஏ. விமானம், கெய்ரோவுல ஏறின கொஞ்ச நேரத்துல இன்ஜின்ல தீ, திரும்பி வர முயற்சி பண்ணி பாலைவனத்துல விழுந்துச்சு. 55 பேரும் போயிட்டாங்க. அதுல எகிப்து நடிகை கமெலியா இருந்தாங்க, சண்டிகர் நகரத்துக்கு பிளான் போட்டுட்டு இருந்த மாத்யூ நோவிட்ஸ்கி இருந்தார், அவர் போனதாலதான் சண்டிகர் வேலை லெ கொர்பூசியே கைக்கு போச்சு. பிள்ளைக்கு வயசு 49. அவர் எழுதினத எல்லாம் சேர்த்து தொகுப்பா போட 2010 ஆச்சு, தொகுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் அதே பாலசுப்ரமணியன், இன்னொருத்தர் ஆர். தங்கதுரை.

அவர் கேட்டுட்டு போன ஒரு கேள்வி இன்னும் அப்படியே நிக்குது. வர்க்கம், கனம், நாலாம் அடுக்குன்னு எல்லாத்தையும் ஒரே வரிசையில எழுதுங்க, 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36. 8க்கும் 9க்கும் ஒண்ணுதான் வித்தியாசம், அந்த மாதிரி இன்னொரு ஜோடி இல்லவே இல்லன்னு ருமேனியாவுல பிறந்த மிஹைலெஸ்கு 2002ல முடிச்சுட்டார். பிள்ளை சொன்னது எல்லா வித்தியாசத்துக்கும், எத எடுத்தாலும் சில ஜோடிதான் கிடைக்கும், அப்புறம் தீர்ந்துடும்னு. 7ஐ எடுங்க. 1ம் 8ம், 9ம் 16ம், 25ம் 32ம், 121ம் 128ம், அப்புறம் ரொம்ப தூரம் தள்ளி 181ஓட வர்க்கம் 32761, அதோட 7ஐ கூட்டினா 32768, அது 2ஓட 15ம் அடுக்கு. ரெண்டோட அடுக்க மட்டும் வச்சு இந்த 7 கேள்விய 1913லயே ராமானுஜன் கேட்டிருக்கார், இதுக்கு மேல கிடையாதுன்னு 1948ல நாகெல் நிரூபிச்சார். எல்லா அடுக்கும் சேர்த்து கேட்டா இன்னும் பதில் இல்ல. 6 வித்தியாசம் இருக்கே, அதுக்கு இதுவரைக்கும் ஒரு ஜோடி கூட யாருக்கும் சிக்கல, கம்ப்யூட்டர் வச்சும் தேடிப் பாத்துட்டாங்க.

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க. வணக்கம்.