திருமலைக் கடலின் ஆழமும் போர்க்கப்பலின் சோனாரும்

(காட்சி: கோணேசர் கோயில் பாறை உச்சியிலிருந்து திறந்த கடல்.)

வணக்கம். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அமைதியாக இருந்தால், அங்கிருந்தே நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவது தெரியும். உலகின் மிகப் பெரிய விலங்கைக் கரையில் நின்றபடி பார்க்கக் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. திருமலைக்கு அந்தப் பேறு கிடைத்ததற்குக் காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது.

(காட்சி: கடலடி வரைபடம். கொட்டியாரக் குடாவிலிருந்து கிழக்கே இறங்கும் பள்ளத்தாக்கு.)

பெரும்பாலான கரைகளில் கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். இங்கே அப்படி இல்லை. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலேயே ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே போகப் போக 3000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. ஆழக்கடலைவிட்டு வராத உயிர்கள் கரைக்குக் கிட்டே வருவது இதனால்தான். கணவாய் தேடி ஒரு கிலோமீற்றர் ஆழம் மூழ்கும் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் இங்கே கூட்டமாகத் திரிகின்றன. 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள், தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவற்றின் 'டிக், டிக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பின்தொடர்ந்த கடல் இது.

கடற்படைகளுக்கும் இந்தத் துறைமுகம் பிடித்துப்போனது வேறு எதனாலும் அல்ல, ஆழத்தால்தான். ஒரே ஆழத்தைத் திமிங்கிலமும் கடற்படையும் பங்குபோடுகின்றன. ஆகவேதான், தண்ணீருக்குள் இருப்பதை ஒலியால் தேடும் கடற்படைக் கருவியான சோனார் பற்றிய பேச்சு நமக்கு ஒதுக்கிவைக்கக்கூடியது அல்ல.

(காட்சி: கப்பல், ஒலி அலை, நீர்மூழ்கி. எளிய அசைபடம்.)

சரி, சோனார் என்றால் என்ன? இரண்டு வகை. ஒன்று, சும்மா காது கொடுத்துக் கேட்பது. அதனால் எந்த உயிருக்கும் கேடில்லை. மற்றது, தானே சத்தம் போட்டு, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைக் கேட்பது. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் ஓடும், காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். சத்தமில்லாமல் ஓடும் நீர்மூழ்கியைத் தூரத்திலேயே பிடிக்கவேண்டுமென்றால் உரக்கத்தான் கத்தவேண்டும். இதற்குப் போர்க்கப்பல்கள் பயன்படுத்துவது 1 முதல் 10 கிலோஹேர்ட்ஸ் வரையான நடுத்தர அதிர்வெண். சில கப்பல்களின் சோனார், மூலத்தில் 235 டெசிபல்.

இந்த 235ஐ விமானச் சத்தத்தோடும் ரொக்கெட் சத்தத்தோடும் ஒப்பிடும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது பிழை. நீரிலும் காற்றிலும் டெசிபல் அளக்கும் அடிப்படையே வேறு. ஒப்பிடுவதென்றால் நீரின் எண்ணிலிருந்து ஏறக்குறைய 62ஐக் கழிக்கவேண்டும். கழித்தாலும் சத்தம் பயங்கரமானதுதான். ஆனால் நாம் சொல்லும் காரியம் நியாயமானது என்றால், எண்ணும் சரியாக இருக்கவேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் 'டிக்' சத்தமே 230 டெசிபலைத் தாண்டுமே, அதற்கு என்ன ஆகிவிடப்போகிறது? அந்த 'டிக்' நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் நீடிக்கும். முன்னோக்கி ஒரு குறுகிய கற்றையாகப் போகும். சோனார் ஒலி அதைவிடப் பல மடங்கு நீளமானது, பரந்து போவது, மணிக்கணக்காக விடாமல் திரும்பத் திரும்ப வருவது.

(காட்சி: அலகுத் திமிங்கிலத்தின் ஓவியம். பக்கத்தில் ஆழ அளவுகோல்.)

மிக அதிகமாக அடிபடுவது நம்மில் பலர் கண்டிராத ஒரு விலங்கு: அலகுத் திமிங்கிலம். அதில் குவியர் என்ற இனம் இலங்கைக் கடலிலும் பதிவாகியிருக்கிறது. பாலூட்டிகளில் இவ்வளவு ஆழம் போகிற விலங்கு வேறு இல்லை. 2992 மீற்றர் வரை மூழ்கியதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலே வந்தாலும் சில நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு மறைந்துவிடும்.

2000ஆம் ஆண்டு மார்ச்சில், பஹாமாஸ் தீவுகளில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி நடந்தது. ஒன்றரை நாளுக்குள் 17 திமிங்கிலங்களும் டொல்பின்களும் கரையொதுங்கின. பெரும்பாலானவை அலகுத் திமிங்கிலங்கள். அடுத்த ஆண்டு வந்த அறிக்கையில், சோனார்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று ஏற்றுக்கொண்டவர்களில் அந்தக் கடற்படையும் ஒன்று.

இரண்டு வருடம் கழித்து, 2002 செப்டெம்பரில், ஸ்பெயினின் கனாரித் தீவுகள். பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்த பயிற்சி. சோனார் தொடங்கி நான்கு மணி நேரமளவில் அலகுத் திமிங்கிலங்கள் கரைக்கு வரத் தொடங்கின. மொத்தம் 14. இம்முறை கால்நடை மருத்துவர்கள் உடனே போய், உடல் கெடுமுன் அறுத்துப் பார்த்தார்கள். இரத்தக் குழாய்களுக்குள் வாயுக் குமிழிகள். உறுப்புகளில் இரத்தக் கசிவு.

குமிழி என்றதும் நம் கரையில் கடலட்டையும் சங்கும் எடுக்கச் சிலிண்டரோடு இறங்குகிறவர்களுக்கு விளங்கிவிடும். ஆழத்தில் கிடந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் உடம்பில் கரைந்த நைதரசன் குமிழியாகும். மூட்டு வலிக்கும், கால் மரத்துப்போகும், சிலர் எழுந்து நடக்கவே மாட்டார்கள். திமிங்கிலத்துக்கு இந்த வருத்தம் வராது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். அது காலங்காலமாகப் பழகிய ஒரு முறையில் மூழ்கி எழும் விலங்கு. சோனாரைக் கேட்டுப் பயந்து அந்த முறையைக் குழப்பும்போதுதான் குமிழி உண்டாகிறது என்பது இன்று முன்னிற்கும் விளக்கம். வேட்டையாட வரும் ஓர்க்கா என்ற கொலையாளித் திமிங்கிலத்தின் குரலுக்குப் பயப்படுவதுபோலவே அலகுத் திமிங்கிலங்கள் சோனாருக்கும் பயந்து, இரை தேடுவதை நிறுத்தி விலகிப் போவதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. நீலத் திமிங்கிலமும் தப்பவில்லை. கலிபோர்னியாவில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆழத்தில் இரை தின்றுகொண்டிருந்த சில, செயற்கைச் சோனார் ஒலி கேட்டதும் தின்பதை விட்டுவிட்டன.

(காட்சி: கனாரித் தீவுகளைச் சுற்றி ஒரு வட்டம்.)

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. 2004இல் ஸ்பெயின், கனாரித் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் சோனார் கூடாது என்று தடை போட்டது. அதற்கு முன் அங்கே அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்குவது திரும்பத் திரும்ப நடந்தது. தடைக்குப் பிறகு அங்கே அப்படியொன்று நடக்கவில்லை என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஸ்பெயினுக்குக் கடற்படை இல்லாமல் போய்விடவில்லை. இடத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

(காட்சி: உப்புவெளிக் கரையில் ஏற்றிவைத்த படகுகள். ஒரு படகுக்குள் மீன் காட்டும் கருவியின் திரை.)

மீன் பார்க்கும் கருவி வைத்திருக்கும் அண்ணன்மார் யோசிக்கக்கூடும்: எங்கள் கருவியும் சோனார்தானே? ஆம், வேலை செய்யும் முறை ஒன்றுதான். ஆனால் இது படகுக்கு நேர் கீழே, சிறு சக்தியில், பெரும்பாலும் 50 அல்லது 200 கிலோஹேர்ட்ஸில் ஒலிப்பது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைத் தண்ணீர் சீக்கிரமே உறிஞ்சிவிடும். இதையும் போர்க்கப்பல் சோனாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

(காட்சி: சம்பூர்க் கடற்கரை.)

2017 மே மாதக் கடைசியில், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் ஏறக்குறைய 20 பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. ஊராரும் கடற்படையினரும் சேர்ந்து அவற்றை ஆழத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சம்பூர் எப்படிப்பட்ட ஊர் என்று நமக்குத் தெரியும். கடற்படையிடம் இருந்த காணி திரும்பக் கிடைத்து அப்போது ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த இரண்டு தரப்பும் ஒரே தண்ணீரில் இறங்கி ஒரே உயிரைத் தள்ளியதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அதற்காக அந்தப் பழியைச் சோனார் மீது போடமாட்டேன். பைலட் திமிங்கிலங்கள் கூட்டத்தைவிட்டுப் பிரியாதவை. முன்னால் போகும் ஒன்று நோயாலோ வழி தவறியோ கரைக்கு வந்தால் மற்றவையும் வரும். சோனார் என்ற ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்பும் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. எல்லாவற்றுக்கும் சோனாரைக் காட்டினால், உண்மையில் சோனாரால் நடக்கும் அன்று நம்மை எவரும் நம்பமாட்டார்கள்.

(காட்சி: திருகோணமலைக்கு வெளியே கடல். மீண்டும் பள்ளத்தாக்கு வரைபடம்.)

2018இலும் 2020இலும் இந்திய, இலங்கைக் கடற்படைகளின் ஸ்லினெக்ஸ் கூட்டுப் பயிற்சி திருகோணமலையில்தான் நடந்தது. 2020இல் வந்த கமோர்தா, கில்தான் என்ற இரண்டு இந்தியக் கப்பல்களும் நீர்மூழ்கியைத் தேடவென்றே கட்டப்பட்டவை. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டுக்குக் கடற்படை வேண்டும், அதற்குப் பயிற்சியும் வேண்டும். நான் கேட்பது ஒரு கோடு. இந்தப் பள்ளத்தாக்கையும் அதன் சரிவையும் வரைபடத்தில் குறித்து, அதற்குள் சத்தம் போடும் சோனாரை எந்த நாட்டுக் கப்பலும் இயக்கக்கூடாது என்று பயிற்சிக்கு முன்பே எழுதிவைக்கவேண்டும். திமிங்கிலம் தெரிந்தால் நிறுத்துவோம் என்பது போதாது. மணிக்கணக்காக நீருக்குள் இருக்கும் விலங்கைத் தளத்தில் நின்று எந்தக் காவலாளி காண்பார்?

இது நம் கடலில் நடக்காத காரியமும் அல்ல. தெற்கே தெய்வேந்திர முனைக்கு அப்பால், நீலத் திமிங்கிலங்கள் கப்பலில் அடிபடுவதைக் குறைக்க, எம்.எஸ்.சி. என்ற பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே நகர்த்தியது. 1979இலேயே இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது வேட்டையைத்தான் தடுத்தது. சத்தத்தைப் பற்றி அன்று எவரும் யோசிக்கவில்லை.

(காட்சி: நிலாவெளி மணலில் நடக்கும் இருவர்.)

கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. திமிங்கிலம் உயிரோடு ஒதுங்கினால் தலைமேல் உள்ள மூச்சுத் துளையில் மண்ணும் தண்ணீரும் போகாமல் பாருங்கள், ஈரத்துணி போடுங்கள், வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். செத்து ஒதுங்கினால் நாற்றத்துக்குப் பயந்து உடனே புதைக்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை என்று எழுதிவையுங்கள்; தலையையும் துடுப்பையும் பக்கவாட்டில் படமெடுங்கள். நம் வெயிலில் ஒரே நாளில் உடல் கெட்டுவிடும், குமிழியைத் தேடும் மருத்துவருக்கு அதன்பின் ஒன்றும் கிடைக்காது. அந்த நாட்களில் வெளியே போர்க்கப்பல்களைக் கண்டிருந்தால் அதையும் நேரத்தோடு குறித்து, திணைக்களத்திடம் அந்தத் தாளையே கொடுங்கள்.