பொற்கொல்லனுக்கு என்ன பிரச்சனை?

எல்லாருக்கும் வணக்கம், பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து தரையில உக்காந்துக்கோங்க, பரவால்ல. சாலிகிராமம், வடபழனி பக்கம் எந்த டீக்கடையில நின்னாலும் காதுல விழுறது ஒண்ணுதான், "ஒரு ஒன்லைன் இருக்கு, கேக்குறீங்களா?" சரின்னு கேட்டா ஒரு ஹீரோ, ஊர்ல ஒரு பிரச்சனை, இன்டர்வெல்ல ஒரு ட்விஸ்ட். அந்த ட்விஸ்ட்ட சொல்லும்போது அவங்களுக்கே கண்ணு பெருசாயிடும். ஆனா வில்லன் ஏன்ப்பா இத பண்றான்னு கேட்டா, "அவன் பண்ணலன்னா இன்டர்வெல் வராதே சார்"ம்பாங்க. சிரிக்காதீங்க, உங்க பைலயும் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும்.

இன்னைக்கு எந்த படத்தையும் உதாரணமா எடுக்கப்போறதில்ல, எடுத்தா பாதி பேர் அந்த ஹீரோவுக்காக சண்டைக்கு வந்துடுவீங்க. சிலப்பதிகாரம் எடுத்துக்கலாம். ஸ்கூல்ல மார்க்குக்கு படிச்சோம், மறந்துட்டோம். மெரினால கண்ணகி கையில சிலம்போட நிக்குறா பாருங்க, 1968ல உலகத் தமிழ் மாநாட்டப்போ வச்ச சிலை, அது அப்படியே கிளைமாக்ஸ் ஷாட். அந்த ஷாட்டுக்கு கதை எப்படி வந்து சேந்துச்சுங்கறதுதான் நமக்கு பாடம்.

கோவலன் மாதவி வீட்டுல இருந்து சொத்தெல்லாம் போய் வீட்டுக்கு வரான், கண்ணகி சிலம்பு இருக்குன்னு சொல்றா, அத முதலா வச்சு பொழச்சுக்கலாம்னு ரெண்டு பேரும் மதுரைக்கு நடக்குறாங்க. அங்க விக்கப் போன எடத்துல மாட்டுறது ஒரு பொற்கொல்லன்கிட்ட, அவன் ஏற்கனவே ராணியோட சிலம்ப திருடி வச்சிருக்கான். இவனுக்கு கோவலன் மேல என்ன பகை? ஒண்ணும் கிடையாது. விஷயம் வெளிய வர்றதுக்குள்ள தப்பிக்கணும், அவ்ளோதான் அவன் கவலை, அந்த நேரம் பாத்து அதே மாதிரி சிலம்போட வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து நிக்கிறான்.

சரி, ராஜா கெட்டவனா? அதுவும் இல்ல. ஆட்டம் பாட்டம் பாத்துட்டு இருந்தாரு, ராணிக்கு கோவம், தலைவலின்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. சமாதானம் பண்ண இவரு பின்னாடியே வேகமா போறாரு, அந்த வழியில வந்து கால்ல விழுறான் பொற்கொல்லன், திருடன் கெடச்சிட்டான்னு. பொண்டாட்டி கோவத்துல இருக்குற மனுஷன் விசாரணையா நடத்துவாரு? ஆர்டர் போட்டுட்டாரு, ஒரு தலை போயிடுச்சு. இதுல யாருமே கதை எழுதுன இளங்கோவடிகளுக்காக வேலை செய்யல, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அவசரத்துல ஓடுறாங்க, அந்த ஓட்டமெல்லாம் ஒரு எடத்துல முட்டுது. சீன்னா எனக்கு அதுதான்.

கோவலன் கரெக்ட்டா அந்த பொற்கொல்லன்கிட்டயே போனது தற்செயல்தானேன்னு கேப்பீங்க. ஆமா. பிரச்சனைல மாட்டுறதுக்கு ஒரு தற்செயல ஆடியன்ஸ் மன்னிச்சிடுவாங்க, பிரச்சனை தீர்றதுக்கு தற்செயல் வந்தாதான் சீட்ட விட்டு எந்திரிச்சிடுவாங்க. கண்ணகிக்கு ஆதாரம் எங்கேர்ந்து வருது? வானத்துல இருந்து விழல. கோவலன் ஒத்தைச் சிலம்ப மட்டும்தான் எடுத்துட்டுப் போனான், இன்னொண்ணு அவகிட்டயே இருக்கு. ரெண்டையும் கொண்டு போயிருந்தா அவ கையில ஒண்ணுமே இல்லாம சபைக்கு வந்திருப்பா. நீங்க முப்பதாவது சீன்ல சும்மா வச்ச ஒரு பொருள் தொண்ணூறாவது சீன்ல கதவ ஒடைக்கணும்.

சபையில அவ சிலம்ப ஒடைக்கிறா, ராணியோடதுன்னா முத்து வரணும், மாணிக்கம் தெறிக்குது. "யானோ அரசன் யானே கள்வன்"னு சொல்லிட்டு ராஜா, அந்த பாண்டியன், விழுந்துடுறாரு. நாலே வார்த்தை, நம்மாளுங்க இதுக்கு ரெண்டு பேஜ் டயலாக் எழுதுவாங்க, பின்னாடி வயலின் வேற. கிரேக்கத்துல அரிஸ்டாட்டில் 2,300 வருஷத்துக்கு முன்னாடியே சொன்னாரு, ஒருத்தனுக்கு உண்மை தெரியுறதும் அவன் நிலைமை தலைகீழாகுறதும் ஒரே நேரத்துல நடந்தா அதுதான் பெஸ்ட்டுன்னு. பாண்டியன் சீன் அப்படியே அது.

இதுல ட்விஸ்ட் எங்க இருக்கு சொல்லுங்க? கோவலன் திருடல, நமக்கு முன்னாடியே தெரியும். ராஜாவுக்குதான் தெரியாது. வடக்கு மாவட்டங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழால விடிய விடிய கூத்து நடக்குது, கதை பாட்டிக்கும் தெரியும் பேரனுக்கும் தெரியும், ஆனாலும் கூட்டம் உக்காந்திருக்கு. ஆடியன்ஸ்கிட்ட மறைக்கறதுலயே உங்க மூளைய செலவு பண்ணாதீங்க.

கதைய மூணு பாகமா பிரிக்கிற மூணு ஆக்ட், கதை திரும்புற எடமான பிளாட் பாயின்ட் எல்லாம் படிங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அது எழுதி முடிச்சதும் எங்க தொங்குதுன்னு பாக்குறதுக்கு நல்லா உதவும், எழுத ஆரம்பிக்க அவ்ளோ உதவாது. அத விட, உங்க கதையில இருக்குற வில்லனோட ஒரு நாள எழுதுங்க, காலைல எந்திரிச்சதுல இருந்து, ஹீரோ பேரே வராம. எழுத முடியலன்னா அந்த கேரக்டர் இன்னும் பொறக்கல.

அந்த தங்கச்சி கேக்குறாங்க, என் கதையில வில்லனே இல்லியே சார், லவ் ஸ்டோரின்னு. நல்ல கேள்வி. சிலப்பதிகாரத்துலயே வர்ற கானல்வரி பகுதிய படிச்சுப் பாருங்கம்மா. புகார் கடற்கரையில கோவலன் யாழ வாங்கி ஒரு பாட்டு பாடுறான், மாதவிக்கு சந்தேகம், இவன் மனசுல வேற யாரோ இருக்காங்கன்னு. அவளும் வேற யாரையோ நெனைக்கிற மாதிரி திருப்பி ஒண்ணு பாடுறா. அவன் அத நிஜம்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிடுறான். மூணாவது ஆளே அங்க கெடையாது, மதுரை வரைக்கும் போற கதை அந்த மணல்ல கிளம்புது. உங்க லவ் ஸ்டோரில இருக்குற ரெண்டு பேருல யாரு எத தப்பா புரிஞ்சுக்குறாங்கன்னு மட்டும் ஒரு பேஜ் எழுதிட்டு வாங்க, அடுத்த வாரம் அத படிக்கலாம்.