தாருக்கு ஒரு சென்ட்

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வாழை மண்டிச் சங்கச் செயலாளர் அவர்களே, பேரூராட்சி உறுப்பினர்களே, கோர்ட்டு வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, பரீட்சை நேரத்திலும் முன்வரிசையை நிறைத்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய தலைமையாசிரியை அம்மா, உலகப் படத்தை விரித்து ஜமைக்கா எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஜமைக்காவின் தலைவர் நார்மன் மேன்லியைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். வழக்கறிஞராக அவர், எதிர்க்கட்சித் தலைவராக அவர், மூன்றாவது, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கரீபியத் தீவுகள் சில ஒன்றுசேர்ந்து அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சி உடைந்த கதை.

என் பாட்டி அடிக்கடி சொல்வாள்: தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான். மேன்லி பனை வைத்தவர்.

1893இல் பிறந்தவர். பள்ளிக்கூட நாளில் தீவே பேசிய ஓட்டக்காரர். ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார், நடுவில் உலகப் போர் வந்தது, பீரங்கிப் படையில் சேர்ந்தார். தம்பியைப் போரில் பறிகொடுத்தார். 1922இல் ஊர் திரும்பி, சில ஆண்டுகளிலேயே ஜமைக்காவின் முதல் வரிசை வழக்கறிஞர் ஆனார்.

1938 மே மாதத்துக்கு வருகிறேன். கரும்பு ஆலையில் கூலிக் கலவரம் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். அடுத்துக் கிங்ஸ்டன் துறைமுகமே நின்றுபோனது. தொழிலாளர்களின் குரலாக நின்றவர் அலெக்சாண்டர் பஸ்டமாண்டே. மேன்லிக்கு மாமன் மகன் முறை, ஒன்பது வயது மூத்தவர். மே 24ஆம் தேதி அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜாமீனும் கிடையாது. மூட்டை தூக்குகிறவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூலி உயர்வு பேச வந்தவர்களிடம், “முதலில் பஸ்டமாண்டே வெளியே வரட்டும், அப்புறம் கூலியைப் பேசலாம்” என்று நின்றுவிட்டார்கள். அன்றன்றைக்குக் கூலி வாங்கி அடுப்பெரிக்கிற சனங்கள்! மேன்லி தன் கோர்ட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நடுவில் வந்தார். அரசாங்கத்திடம் பேசினார், கப்பல் கம்பெனிக்காரர்களிடம் பேசினார், கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றும் பேசினார். விடுதலைக்கான பிரமாண வாக்குமூலங்களையும் தயார் செய்தார். நாலே நாளில், மே 28இல், பஸ்டமாண்டே வெளியே வந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் மேன்லி மக்கள் தேசியக் கட்சியைத் தொடங்கினார். பஸ்டமாண்டேயும் கூட நின்றார். 1943இல் பஸ்டமாண்டே தனிக்கட்சி கண்டார். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று போராடியவர் மேன்லி. அந்த ஓட்டு முதன்முதலாக விழுந்தது 1944 தேர்தலில். மேன்லி தன் தொகுதியிலேயே தோற்றார், மாமன் மகன் ஜெயித்தார். பனையை வைத்தவன் கதைதான்.

1955இல் ஆட்சி கிடைத்தது. 1961இல் கூட்டாட்சியில் இருப்பதா விலகுவதா என்று மக்களையே கேட்டார். விலகு என்றார்கள். சரி என்று தலைவணங்கி, 1962 ஏப்ரலில் தேர்தலும் வைத்தார். அதிலும் தோல்வி. ஆகஸ்ட் 6ஆம் தேதி சுதந்திரம் வந்தபோது பிரதமர் பஸ்டமாண்டே, எதிர்க்கட்சித் தலைவர் மேன்லி. அந்தச் சுதந்திரத்தின் அரசியல் சாசனத்தை எழுதப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1969இல் இறக்கும் வரை சுதந்திர ஜமைக்காவின் பிரதமர் நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை.

கூட்டாட்சிக் கதை பெரியது, அதை விட்டுவிடுகிறேன். வாழைக்கு வருகிறேன். செயலாளர் அவர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

1930களில் ஜமைக்கா வாழை உற்பத்தியாளர் சங்கத்துக்காக மேன்லி வாதாடினார். எதிரில் யுனைடெட் ஃப்ரூட் என்ற ராட்சசக் கம்பெனி. அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவில், ஏற்றுமதியாகும் ஒவ்வொரு தாருக்கும் ஒரு சென்ட் கிராம நலனுக்குத் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்தக் காசில் 1937இல் ‘ஜமைக்கா வெல்ஃபேர்’ எழுந்தது. கிராமங்களில் பொதுக் கூடம், கூட்டுறவு, எழுத்தறிவு வகுப்பு என்று வேலை நடந்தது. மேன்லி தேர்தலில் நிற்பதற்கு ஏழு வருஷம் முன்னால் இது.

நம் மண்டியிலும் தினம் தார் இறங்குகிறது. பின்னால் இருக்கும் படிப்பகத்தின் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது, புத்தகங்கள் சாக்குப் பையில் கிடக்கின்றன. தாருக்கு ஒரு ரூபாய் கேட்கிறோம், அவ்வளவுதான். விவசாயி தர வேண்டாம், வாங்கி அனுப்புகிற வியாபாரி தரட்டும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் ஐயா.

கையெழுத்து நோட்டு வாசலில் மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. செயலாளர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டால் நாங்கள் எல்லோரும் பின்னால் வரிசையில் நிற்கிறோம். நன்றி, வணக்கம்.