உப்புக்கு எங்கே போவீர்கள்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. அதனால் மற்றதை எல்லாம் அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம், ஆறு மா நிலம், அதாவது சுமார் இரண்டு ஏக்கர், குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். "ஐயா, வேலை, கடன், போன் எல்லாம் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, கிழங்கும் தேனும் எடுத்து ஆதி மனிதன் மாதிரி வாழ்ந்துவிட முடியுமா?"

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். காப்புக் காட்டில் நீங்களாகப் போய்க் குடிசை போட முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டைக்கு விடாது. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கும் மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்களுக்கும்தான், நமக்கு இல்லை. சரி, அது போகட்டும்.

நம் பழைய வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்கு நான் என்ன கேட்கப் போகிறேன் என்று தெரியும். உப்புக்கு எங்கே போவீர்கள்?

எனக்கு 22 வயது இருக்கும்போது வீட்டில் ஒரு மனத்தாங்கல், நானும் ஒரு நண்பனும் இனி ஊர்ப்பக்கமே வருவதில்லை என்று அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்துப் படுகையில் போய் உட்கார்ந்துவிட்டோம். பங்குனி மாதம், ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் ஊற்றுத் தோண்டினால் கண்ணாடி மாதிரி வரும். அரிசி, சட்டி, தீப்பெட்டி எல்லாம் எடுத்துப் போனோம், உப்பை மறந்துவிட்டோம். முதல் நாள் கஞ்சி எப்படியோ இறங்கியது. இரண்டாம் நாள் வாயில் வைக்க முடியவில்லை. அப்போது அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்துக் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த கீதாரி, அதாவது மந்தை மேய்க்கிறவர், ஒருவர் ஆடுகளை ஊற்றுக்கு ஓட்டிவந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல், மடியிலிருந்து ஒரு கை கல் உப்பு எடுத்துக் கொடுத்தார். அந்தக் கஞ்சியின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

அவரை நன்றாக யோசித்துப் பாருங்கள். வருடத்தில் பாதிக்கு மேல் வெட்டவெளியில் படுக்கிறவர், தலைக்கு மேல் கூரை கிடையாது, நீங்கள் தேடுகிற வாழ்க்கை அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் அவரோடு நான்கு குடும்பம் வந்திருந்தது. எந்த ஊரில் யார் வயலில் எத்தனை ராத்திரி கிடை என்று பேசி வைத்திருந்தார், அதற்குக் கூலியாக நெல் வாங்கினார், அந்த ஊர்க் கடையில் உப்பு வாங்கினார். மலையில் இருக்கிற பழங்குடிகளான பளியர்களும் காணிக்காரர்களும் அப்படித்தான், தனி ஆளாக யாரும் இல்லை. எந்தக் கிழங்கை எந்த மாதம் தோண்டலாம், எதை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால்தான் விஷம் போகும் என்பது பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருகிற படிப்பு. உங்கள் லீவில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது தம்பி. உப்பு வணிகர்களான உமணர்கள் சங்க காலத்திலேயே வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது எதற்காக? அது இல்லாமல் ஒரு குடிசையிலும் அடுப்பு எரியாது என்பதால்தானே.

தனியாக இருந்து காட்டியவர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் கிறிஸ்டோபர் நைட் என்பவர் 1986-ல் 20 வயதில் காரை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனார், 27 வருடம் வெளியே வரவில்லை. பனி கொட்டுகிற குளிரிலும், புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று நெருப்பு மூட்டாமல் கூடாரத்தில் கிடந்தார். அத்தனை வருடத்தில் எதிர்ப்பட்ட ஒருவருக்கு ஒரே ஒரு வார்த்தை வணக்கம் சொன்னதோடு சரி என்று அவரே சொல்லியிருக்கிறார். சாப்பாடு? பக்கத்து ஏரிக்கரையில் இருந்த விடுமுறை வீடுகளில் ராத்திரி புகுந்து எடுத்தது, சுமார் ஆயிரம் தடவை. சமையல் காஸ், பேட்டரி, மெத்தை வரைக்கும். 2013-ல் ஒரு முகாமின் சமையலறையில் பிடிபட்டார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவ்வளவு வைராக்கியம் உள்ள மனிதருக்கே அந்தக் காடு ஒரு வேளைச் சோறு போடவில்லை, அக்கம்பக்கத்துச் சமையலறைகள்தான் போட்டன.

கஜா புயல் சமயத்தில் நாங்கள் அனுபவித்ததையும் சொல்ல வேண்டும், ஏற்கெனவே சொன்னதுதான், பரவாயில்லை. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆனது. போன் இல்லை, விளக்கு இல்லை, தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து பாதையை அடைத்துக் கிடக்கிறது. நீங்கள் கேட்கிற வாழ்க்கையை நாங்கள் கேட்காமலே வாழ்ந்தோம். தெருவே காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மோட்டார் ஓட்டித் தொட்டியை நிரப்பினோம். கூரை போனவர்களுக்கு எங்கள் தாழ்வாரத்தில்தான் சமையல், பத்து வருடம் பேசாமல் இருந்த பங்காளி தன் வீட்டு அரிசியையும் புளியையும் கொண்டுவந்து இறக்கினார். அந்த நாட்களில் தனியாக ஒரு மனிதன் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

தம்பி, உங்கள் அலுப்பு பொய் இல்லை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நீங்கள் என்னிடம் வேறு ஒன்றைக் கேட்டிருக்கலாம்: அந்த ஆறு மாவை என்ன செய்வது? வேட்டையாடிக் கிழங்கு தோண்டிப் பிழைக்கப் பல இடங்களில் ஒரு ஆளுக்குச் சதுர கிலோமீட்டர் கணக்கில் காடு வேண்டும். இங்கே ஒரு மாவில் பாரம்பரிய நெல் போட்டால் ஐந்து மூட்டைக்குக் குறையாது, மூட்டைக்கு 60 கிலோ, குத்தி எடுத்தால் ஒரு ஆள் வருடம் முழுக்கச் சாப்பிடலாம். இன்னும் ஐந்து மா மீதி இருக்கிறது! குத்தகைக்காரரை உடனே எழுப்பச் சொல்லவில்லை, அவரும் குடும்பஸ்தர். ஒரு மாவை மட்டும் கேட்டுப் பாருங்கள், அவரையே வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள், சனி ஞாயிறு வந்து வரப்பு வெட்டுங்கள்.

பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிக் காப்பாற்றிய நெல் ஜெயராமன், 2018-ல் மறையும் வரை, ஆதிரெங்கத்தில் விதைநெல் 2 கிலோ கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கிவந்தார். நானும் அதே கணக்கில் மாப்பிள்ளைச் சம்பா வைத்திருக்கிறேன், 160 நாள் பயிர். ஆவணியில் நாற்று விட வேண்டும் என்றால் ஆடிக்குள் வந்துவிடுங்கள், பை கொண்டு வாருங்கள்.